மேடையில் பேசுவது அக்காவுக்கும் புரிய வேண்டும்

மதுரையில் ஒரு கிளை நூலகத்தை ஒட்டி எங்கள் வாசகர் வட்டம் இயங்குகிறது. மார்ச் 8 நெருங்கினால் சாதனைப் பெண்களைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சியும் அதோடு ஒரு மாலைக் கூட்டமும் வழக்கமாக நடக்கும். போன முறை அதில் காது கேளாத பெண்களின் சாதனைகளையும் சேர்த்தோம். அதோடு, நம் ஊரிலேயே இருக்கும் காது கேளாத பெண்கள் வந்து உட்கார்ந்து முழுக் கூட்டத்தையும் புரிந்துகொள்ளவும், அவர்களே மேடை ஏறிப் பேசவும் வழி செய்தோம். அதற்கு என்னென்ன ஏற்பாடு தேவைப்பட்டது என்று வேறு ஊர் வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பாளையங்கோட்டையில் படித்தவள். ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890களில் தொடங்கி, இன்றும் அவர் பெயரிலேயே நடக்கும் பள்ளி அது. அக்கா இப்போது ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை செய்கிறாள். நகரத்தில் நடக்கும் பாதி விழா அழைப்பிதழ்கள் அவள் கைபட்டுத்தான் வெளியே போகின்றன. ஆனால் அந்த விழாக்கள் எதற்கும் அவள் போவதில்லை. போனால் மூன்று மணி நேரம் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வாயசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழகிய முகம், நல்ல வெளிச்சம், நேருக்கு நேர் பேச்சு என்று எல்லாம் அமைந்தாலும் பாதியை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்துப் பேசுகிறவரிடம் படிக்க எதுவுமே இருக்காது.

முதல் கூட்டத்தில் பட்டியல் போட்டோம். வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, எம்.எஸ்.சுப்புலட்சுமி, கல்பனா சாவ்லா என்று எல்லோரும் எதிர்பார்க்கும் பெயர்கள் உடனே வந்தன. காது கேளாதவர்களில் யார் என்று கேட்டதும் ஹெலன் கெல்லர் பெயர் வந்தது, அதோடு நின்றது. ஹெலன் கெல்லர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நூறு வருடமாக ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்குப் பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை என்றுதான் அர்த்தமாகும். பட்டியலை வீட்டுக்கு எடுத்துப் போய் அக்காவிடம் காட்டினேன். பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்துவிட்டு, அவளே எழுதித் தந்தாள்.

முதல் பெயர் ஜெர்லின் அனிகா. நம் மதுரைப் பெண். 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில், அதாவது காது கேளாதவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டியில், பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கியவர். ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணிப் போட்டி மூன்றிலும். அதே ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். அடுத்து தீக்‌ஷா தாகர், ஹரியானாவைச் சேர்ந்த கோல்ஃப் வீராங்கனை. 2017 டெஃப்லிம்பிக்ஸில் வெள்ளி, பிரேசிலில் தங்கம். நடுவில் டோக்கியோ ஒலிம்பிக்ஸிலும் ஆடியிருக்கிறார். அப்புறம் வழக்கறிஞர் சாரா சன்னி. பிறகு, 2009இல் வந்த 'நாடோடிகள்' படத்தில் அறிமுகமான நடிகை அபிநயா. கடைசியாக நான் கேள்விப்பட்டே இராத இரண்டு வானியலாளர்கள்: ஹென்ரியட்டா ஸ்வான் லீவிட், ஆனி ஜம்ப் கேனன்.

பலகைகளுக்கு எழுதும் பொறுப்பு எனக்கு. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதல் வரியில் அந்தப் பெண் என்ன செய்தார் என்பது வர வேண்டும், காது கேளாமை அதற்குத் தேவைப்படும் இடத்தில் வரட்டும். "குறையை வென்று", "ஊனத்தைத் தோற்கடித்து" போன்ற தொடர்கள் எதிலும் கிடையாது. லீவிட் பலகையில் இந்த விதி எவ்வளவு உதவியது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் சம்பளத்தில், கண்ணாடித் தகடுகளில் பதிவான நட்சத்திரப் படங்களை அளந்துகொண்டிருந்தவர் அவர். சில நட்சத்திரங்களின் ஒளி சீராகக் கூடிக் குறையும். சிறு மகெல்லன் மேகம் என்ற நட்சத்திர மண்டலத்தில் உள்ள அப்படிப்பட்ட 25 நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, ஒளி அதிகமான நட்சத்திரம் ஒரு சுற்றை முடிக்க அதிக நாள் எடுக்கிறது என்று 1912இல் காட்டினார். இதனால் ஒரு நட்சத்திரம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளியளவு தெரியும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை அதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். வானியலாளர் எட்வின் ஹபிள் இந்த அளவுகோலைக் கொண்டுதான் ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நட்சத்திர மண்டலம் என்று நிறுவினார். அதைப் பார்க்க லீவிட் உயிரோடு இல்லை, 1921இலேயே போய்விட்டார். இவ்வளவையும் எழுதிய பிறகு, அவருக்குக் காது கேட்காது என்பது ஒரு வரியில் இயல்பாக உட்கார்ந்தது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த கேனனும் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். சுமார் 3,50,000 நட்சத்திரங்களை அவர் வகைப்படுத்தினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று அவர் ஒழுங்குபடுத்திய நட்சத்திர வகைகளின் வரிசையைத்தான் இன்றும் வானியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

பலகை வேலை சுகமான வேலை. கஷ்டம் இன்டர்பிரட்டர் தேடுவதில் இருந்தது. இந்திய சைகை மொழி தெரிந்து, மேடைப் பேச்சை உடனுக்குடன் மாற்றித் தரக்கூடிய பயிற்சி பெற்றவர்கள் குறைவு. கிடைக்கிறவர்களுக்கு மார்ச் முதல் வாரம் நிரம்பிவிடுகிறது. அதோடு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் செய்தால் கையும் மூளையும் களைத்து, விடுபடத் தொடங்கும். மாறி மாறி நிற்பார்கள். இதை நம் ஆட்களுக்குப் புரியவைக்கக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. "ரெண்டு பேருக்கா சம்பளம்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். "ஆமா சார், பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம், அந்தக் காசு இதுக்கு வரும்" என்று சொன்னேன். நூலகர் அம்மா உடனே சரி என்றுவிட்டார். தேதியைக்கூட இன்டர்பிரட்டர்கள் இருவரும் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். யாராவது இதுபோல் நடத்தப் போகிறீர்கள் என்றால், தலைமை விருந்தினரிடம் தேதி கேட்பதற்கு முன்னால் இவர்களிடம் கேளுங்கள்.

அவர்கள் கேட்டது அதிகமில்லை. பேச்சாளர்களின் குறிப்புகள், மேற்கோள் காட்டப் போகும் கவிதை வரிகள், எல்லாப் பெயர்களும் முன்கூட்டியே வேண்டும். பெயர்களை விரலால் எழுத்துக்கூட்டுவார்கள். இந்திய சைகை மொழியில் அது ஆங்கில எழுத்துகளில் நடக்கும். தமிழ் வழியில் படித்த வயதான பெண்களுக்கு அது பிடிபடாது என்று அக்கா சொன்னதால், ஒவ்வொரு பெயரையும் தமிழில் பெரிதாக எழுதி, பேசும்போது உயர்த்திக் காட்ட ஒரு கல்லூரி மாணவியை நிறுத்தினோம். லீவிட் பெயர் பலமுறை வரும். அவருக்கு அன்றைய கூட்டத்துக்கு மட்டும் ஒரு சைகைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். விரல்கள் விரிந்து குவியும், ஒளி கூடிக் குறைவது போல. பார்க்க அவ்வளவு அழகு!

இன்னொரு சிக்கலையும் அக்காதான் எடுத்துச் சொன்னாள். இன்டர்பிரட்டர்கள் கற்றது நாடு முழுவதற்குமான பாடத்திட்டம். இங்கே ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பெண்கள் தங்கள் பள்ளி விடுதியில் பழகிய சைகைகளோடு வாழ்கிறவர்கள். சிலர் பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர்கள். அவர்களுக்காக அக்காவும் அவள் தோழி ஒருத்தியும் முன்வரிசைக்கு எதிரே உட்கார்ந்து, இன்டர்பிரட்டர் சொல்வதைப் பார்த்து, இவர்கள் சைகையில் திருப்பிச் சொன்னார்கள். சைகை தெரியாத, ஆனால் காது மந்தமான பெரியவர்களுக்காகத் திரையில் தமிழ் எழுத்தும் ஓடியது. பேச்சை எழுத்தாக்கும் செயலியை முயன்றோம். மதுரைத் தமிழையும் ஊர்ப் பெயர்களையும் அது கண்டபடி மாற்றியது. அதனால் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவரை உட்காரவைத்து, சாரத்தை மட்டும் அடிக்கச் சொன்னோம். அது நன்றாக வந்தது.

அழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். அச்சிட்ட அழைப்பிதழை அக்கா தன் தோழிகளுக்கு அனுப்பவில்லை. சைகையில் பேசி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பதில்களும் வீடியோவாகவே வந்தன. ஏறக்குறைய எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: இன்டர்பிரட்டர் உண்டா? ஓர் அம்மாவின் வீடியோவை அக்கா எனக்குப் பெயர்த்துச் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில் அவரை மேடையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்திருக்கிறார்கள். எதற்காகப் போர்த்தினார்கள் என்று இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பொன்னாடை வேண்டாம் என்று முடிவு செய்தது எவ்வளவு சரி என்று அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

கூட்ட நாளில் நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போட்டோம், ஒருவர் கையை மற்றவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. இன்டர்பிரட்டர் பேச்சாளருக்குப் பக்கத்திலேயே, முகத்தில் நேராக வெளிச்சம் விழும்படி நின்றார். கை தெளிவாகத் தெரிய, பூப்போடாத அடர் நிறச் சட்டை. படம் எடுக்கிறவர்கள் குறுக்கே போகாமலிருக்கக் கயிறு கட்டினோம். திரையில் படம் காட்டும்போது விளக்குகளை அணைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், மைக் கைமாறும்போது சற்று நிற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்தோம். தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிபெருக்கியில் போட, இரண்டு பெண்கள் சைகையில் பாடினார்கள். அவர்களுக்கு எதிரே நின்று ஒருவர் தாளத்தைக் கையசைத்துக் காட்டினார். கேட்கிறவர்கள் பலர் அதில் வரும் சொற்களை முதல்முறையாகக் கவனித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அதிக நேரம் ஓடியது கேள்வி பதில். ஜெர்லின் அனிகா பற்றி அக்கா சைகையில் பேச, இன்டர்பிரட்டர் அதை மைக்கில் தமிழாக்கினார். பள்ளியில் பேட்மின்டன் ஆடும் ஒரு சிறுமி எழுந்து, "ஷட்டில் அடிக்கிற சத்தத்தை வச்சுத்தானே எவ்வளவு வேகமா வருதுன்னு கணிப்போம், அவங்க எப்படிக் கணிக்கிறாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எதிராளியின் தோள், மணிக்கட்டு, ராக்கெட் திரும்பும் கோணம் எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடிக்க வேண்டும் என்று அக்கா செய்து காட்டினாள். டெஃப்லிம்பிக்ஸில் ஆடுகிறவர்கள் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும் என்பதையும், அந்தப் போட்டி 1924இலேயே பாரிஸில் தொடங்கிவிட்டது என்பதையும் சொன்னாள். மதுரைக்கு மூன்று தங்கம் வந்த கதை தெரியாத மதுரைக்காரர்கள் அந்த அறையில் பாதிப் பேர் இருந்தார்கள்.

அபிநயா பலகைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. படத்தைப் பார்த்ததும் அரங்கம் முழுக்கக் கைகள் உயர்ந்து அசைந்தன. அது கைதட்டல். கேட்கிற கூட்டமும் கொஞ்ச நேரத்தில் அப்படியே பழகிக்கொண்டது.

ஆனால் காது கேளாத பெண்கள் அதிகம் நின்று படித்தது சாரா சன்னி பலகையை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் காணொலி விசாரணையில் இன்டர்பிரட்டர் துணையோடு அவர் ஆஜரானார். இன்டர்பிரட்டர் தன் வீடியோவைத் திறந்து வைத்திருக்க முதலில் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு தலைமை நீதிபதி சந்திரசூட் முன் கேட்டபோது அவர் உடனே அனுமதித்தார். சில நாட்களில் உச்ச நீதிமன்றமே சாராவுக்காக ஓர் இன்டர்பிரட்டரை ஏற்பாடு செய்தது. இதை விளக்கியதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். தன் நிலப் பிரச்சினைக்காகக் கீழ் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கேயும் இன்டர்பிரட்டர் கேட்கலாமா, யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டார். அடுத்தவர் மகப்பேறு மருத்துவமனை பற்றிக் கேட்டார். இன்னொருவர் மகளின் பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டம் பற்றி. சாதனைப் பெண்ணைப் பற்றிய பேச்சு இப்படித் தங்கள் காரியத்துக்கான வழியாக மாறியதைப் பார்த்தபோது, இத்தனை ஏற்பாடும் எதற்கு என்று இனி யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீதி பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் எந்த அலுவலகத்தில், யாரிடம், எப்படி மனு கொடுப்பது என்று சொல்லித்தர வழக்கறிஞர் யாரும் அன்று கூட்டத்தில் இல்லை.

அதனால் செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் நாளன்று அதற்கென்றே ஒரு கூட்டம் வைக்கிறோம். சட்ட உதவி பற்றிப் பேச ஒரு பெண் வழக்கறிஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேள்விகளை அக்காவின் குழு இப்போதே வீடியோவாகச் சேகரித்துக்கொண்டிருக்கிறது. இன்டர்பிரட்டர்கள் இருவரிடமும் தேதி சொல்லி முன்பணம் கொடுத்தாயிற்று. அடுத்த மார்ச் மாதக் கண்காட்சிக்கான பட்டியலையும் இந்த முறை அந்தக் குழுவே போடுகிறது.