மகன் தலைமுடியை அம்மா நேர்ந்துகொள்ள முடியாது

"அவன் குடியை விட்டுட்டா வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டு வந்து மொட்டை போடுறேன் தாயே." பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கோவிலின் மாதா கெபி (குகை) முன்னால் நின்றாலும் இந்த நேர்ச்சை காதில் விழும். நேர்ந்துகொள்கிறவரின் கண்ணீர் உண்மையானது. ஆனால் நேர்ச்சை செல்லாது. மொட்டை போடவேண்டிய தலை அவருடையது இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1193 இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: நேர்ச்சை அதை நேர்ந்தவரை மட்டுமே கட்டும். கைக்குழந்தையின் முடியை இறக்குவது வேறு விஷயம். இருபத்தெட்டு வயது மகன் தன் வாயால் சொல்லாத வாக்கு அவனைக் கட்டாது. பல வீடுகளில் கதை அடுத்து எப்படிப் போகிறது என்று தெரியும். மகன் வர மறுப்பான். "நேர்ச்சைக் கடன் நிக்குது, அதான் படகுல மீனே படல" என்று அம்மா அவனிடமே சொல்வார். அவனைக் கோவிலுக்குள் இழுக்கச் செய்த காரியம் கோவிலை விட்டு இன்னும் தள்ளிவிடும்.

நேர்ச்சைக்கு மூன்று அளவுகோல் போதும். நாம் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், செய்யாமல் இருப்பதைவிடச் செய்வது நல்லதாக இருக்கவேண்டும், யாரும் மிரட்டாமல் சுயமாகச் சொன்னதாக இருக்கவேண்டும். பிறர் அநியாயமாக உண்டாக்கிய கடும் பயத்தில் சொன்ன நேர்ச்சை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1191 சொல்கிறது. மகன் மருத்துவமனையில் கிடக்கும்போது பதற்றத்தில் பத்து கோவிலுக்கு நேர்ந்துவிட்டு, பிறகு எதை முடித்தோம் எதை விட்டோம் என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் நேராகப் பங்குச் சாமியாரிடம் போகலாம். தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கே உண்டு (1196). சிவகங்கை ஆயர் இல்லம் வரை ஏறவேண்டியதில்லை. அதே அளவு நல்லதாகவோ அதைவிட நல்லதாகவோ இன்னொரு காரியத்துக்கு மாற்றிக்கொள்வதென்றால் நாமே மாற்றிக்கொள்ளலாம் (1197). நடந்து போவதாக நேர்ந்த காலில் மூட்டுவலி வந்துவிட்டதா, அந்தச் செலவையும் நேரத்தையும் ஊரிலேயே படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

"நீர் இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன்" என்று நேர்வது பாவம் இல்லை. யாக்கோபே பெத்தேலில் அப்படித்தான் நேர்ந்தார் (தொடக்க நூல் 28). இருந்தாலும், 'செய்தால்' இல்லாத நேர்ச்சைதான் நீண்ட காலம் தாங்கும் என்பது என் எண்ணம். வருகிற தவக்காலம் முழுக்க வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு தலத்தையும் அவனுக்காக நடப்பேன் என்றால், அவன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அது முடியும். ஏமாற்றக் கணக்கு மிஞ்சாது.

இனி அளவு. வழிமாறிப் போனவருக்கான செபம் ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய ஒன்று. ஆரம்பிக்கிறவர்களோ முதல் வாரத்திலேயே 53 மணிச் செபமாலை, இறை இரக்கச் செபமாலை, மாதா மன்றாட்டு, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், புதன்கிழமை சகாய மாதா நவநாள், வெள்ளிக்கிழமை உபவாசம் என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் நின்றுவிடும். நின்றபின் குற்ற உணர்வு, அதற்குப்பின் "கடவுள் என் சத்தத்தைக் கேக்கல". 53 மணி சொல்ல இருபது நிமிடம் ஆகும். ஒரு பத்து மணிக்கு நாலு நிமிடம். அந்த ஒரு பத்து மணியை அந்த ஒருவருக்காக என்று வைத்து, தினமும் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். உலை கொதிக்கும் நேரமோ, விசைப்படகு டோக்கன் வாங்கிப் புறப்பட்டபின் வீடு அடங்கும் நேரமோ, எதுவாகவும் இருக்கட்டும். முழுச் செபமாலை சொல்லும் வீடென்றால் ஐந்தில் ஒரு பத்தை ஒதுக்கினால் போதும்.

பெயரை ஒருமுறை சொல்லுங்கள், நிறுத்துங்கள். அவன் செய்ததையெல்லாம் ஆண்டவருக்கு வரிசையாக எடுத்துச் சொல்வது செபம் மாதிரி தொடங்கும். முடியும்போது கோபம்தான் கூடியிருக்கும். எதைச் சொல்வது என்று தெரியாதவர்களுக்கு, ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் சொல்லும் பாத்திமா செபமே இருக்கிறது. இரக்கம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களை அதிலேயே கேட்டுவிடுகிறோம்.

ஒன்பது நாள் தொடர்ந்து சொல்லும் நவநாளில் ஒருநாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டுமா? வேண்டாம். ஆண்டவர் விண்ணேற்றத்துக்கும் தூய ஆவியார் இறங்கிவந்த நாளுக்கும் இடையே சீடர்கள் காத்திருந்து மன்றாடிய நாட்களின் நினைவு அந்த ஒன்பது. பூட்டைத் திறக்கும் எண் இல்லை அது. "இதை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடலாம். வெளிச்செய்கை தானாகப் பலன் தரும் என்று நம்புவதை மூடநம்பிக்கை என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. செய்வினை எடுக்கிறேன் என்று கயிறு கட்டித் தருகிறவரிடம் போவதும் இதே கணக்கில்தான் வரும். என்ன, அங்கே பணமும் போகும்.

திருப்பலிக் கருத்து, அதாவது இன்னாருக்காகப் பூசை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பது, உயிரோடிருப்பவருக்காகவும் கொடுக்கலாம். இறந்தவர்களுக்குத்தான் பூசை என்ற எண்ணம் இந்தக் கரையில் ஏனோ ஊறிக் கிடக்கிறது. சட்டம் 901 உயிரோடிருப்பவர், இறந்தவர் என்று பிரிக்காமல் யாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. எழுதிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. "இன்னார் மகன் குடியிலிருந்து மீள" என்று எழுதினால் அப்படியே மைக்கில் வாசிப்பார்கள், மதியத்துக்குள் ஏலக்கூடம் வரை போய்விடும். "ஒரு தனிக்கருத்துக்காக" என்று எழுதினால் போதும். அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்திலும் அப்படியே. மன்றாட்டில் பெயரும் விவரமும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அவன் திரும்பி வரும் நாளில் ஊர் முழுக்கத் தன் கதை தெரிந்திருக்கும் கோவிலுக்குள் எந்த முகத்தோடு நுழைவான்?

பாவம் மன்னிக்கப்பட்டபின்னும் மிஞ்சும் தண்டனையை முழுதும் நீக்கும் பரிபூரண பலன் விஷயத்தில் எல்லை வேறு. அதை நமக்காகப் பெறலாம், இறந்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடிருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது (994). நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையில் போய்ச் செபித்து, வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் வைக்கிறவர்கள் உண்டு. அது இறந்தவர்களுக்கானது. முதல் வெள்ளி என்பது, தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளியன்று நற்கருணை வாங்குகிறவருக்கான பக்திமுயற்சி. மகனுக்குப் பதிலாக அம்மா வாங்கிக் கணக்கை நிரப்ப முடியாது. அவனுக்காக மன்றாடிக்கொண்டே வாங்கலாம், அது எப்போதும் திறந்திருக்கிறது.

உபவாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். சட்டப்படி நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான், அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது நிறையும்வரை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர் மகனுக்காகத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடப்பது ஆபத்து. டிவி சீரியலையோ வெற்றிலையையோ விட்டுப் பாருங்கள். பலருக்கு அது சோற்றை விடுவதைவிடக் கடினம்.

எதைக் கேட்பது என்ற இடத்துக்கு வரும்போது எல்லாரும் மோனிக்கம்மாளைத்தான் காட்டுவார்கள். ஆகஸ்ட் 27 அவர் திருநாள், மறுநாள் மகன் அகுஸ்தினார் திருநாள். அழுதார், மகன் திரும்பினான் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அகுஸ்தினாரே எழுதிவைத்த விவரம் அதைவிடச் சுவையானது. மகன் மானி என்பவர் தொடங்கிய மதத்தில் சேர்ந்ததும் அம்மா அவனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் மறுத்திருக்கிறார். பிறகு ஒரு கனவு கண்டு மனம் மாறி மறுபடி சேர்த்துக்கொண்டார். ஓர் ஆயரிடம் போய், நீங்கள் அவனோடு பேசிப் புத்தி சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அந்த ஆயரும் இளவயதில் அதே மதத்தில் இருந்து வெளியே வந்தவர். மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, அவனை விடு, அவனுக்காக ஆண்டவரிடம் மன்றாடு என்றார். அம்மா விடவில்லை. சலித்துப்போய்த்தான் அவர் அந்தப் புகழ்பெற்ற சொல்லைச் சொன்னார்: போ அம்மா, இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோக முடியாது.

383-இல் நடந்தது கடற்கரைக்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அகுஸ்தினார் கார்த்தேஜிலிருந்து உரோமைக்குக் கப்பலேறத் துணிந்தார். போகக்கூடாது என்று அம்மா கடற்கரை வரை பிடித்துக்கொண்டு வந்தார். காற்றுக்காகக் காத்திருக்கும் நண்பனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, துறைக்குப் பக்கத்திலிருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் அம்மாவை இரவு தங்கவைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். அம்மா அந்த இரவு முழுக்க மன்றாடியது ஒன்றே ஒன்று: அவன் கப்பலேறக்கூடாது. ஏறிவிட்டான். அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கு, ஆயர் அம்புரோசிடம் கொண்டுசேர்த்தது. 387 பாஸ்கா இரவில் திருமுழுக்கு. அதே ஆண்டில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் அம்மா இறந்தார். அன்றைய விண்ணப்பத்தைத் தராமல், என்றும் கேட்டுவந்ததைத் தந்தார் கடவுள் என்று அகுஸ்தினார் எழுதுகிறார்.

நம் மன்றாட்டுகள் பெரும்பாலும் கப்பல் மன்றாட்டுகளே. "வளைகுடா வேலைக்குப் போகவேண்டாம்", "அந்தப் பெண்ணைக் கட்டவேண்டாம்", "இந்த முதலாளி படகிலேயே இருக்கட்டும்". கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு அடியில், "எந்த வழியிலாவது அவனை உம்மிடம் கொண்டுவாரும்" என்ற மன்றாட்டு ஒன்று தினமும் இருக்கட்டும். கடவுள் யாருடைய விருப்பத்தையும் முறித்து உள்ளே இழுப்பதில்லை. அதனால்தான் நாளாகிறது. லூக்கா 18-இல், ஓயாமல் வந்து நீதி கேட்ட கைம்பெண்ணுக்குத் தீர்ப்பளித்த நடுவரைக் கடவுளுக்கு ஒப்பாக எடுத்துக்கொண்டு, நச்சரித்தால் தருவார் என்று புரிந்துகொள்வதும் தவறு. நேர்மையற்ற நடுவனே கொடுக்கிறான் என்றால் கடவுள் எவ்வளவு என்பதே அங்கே வாதம்.

லூக்கா 15-ஐயும் ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறோம். வழிதவறிய ஆட்டைத் தேடிப் போகிறார்கள். வீட்டுக்குள் தொலைந்த காசுக்கு விளக்கேற்றிப் பெருக்குகிறார்கள். தானாகப் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன மகனைத் தேடித் தந்தை தூரநாட்டுக்குப் போகவில்லை. அங்கே அவனுக்குப் பணமும் அனுப்பவில்லை. ஆனால் தொலைவிலேயே கண்டுகொண்டார், ஓடினார். உங்கள் வீட்டில் போனது ஆடா, காசா, மகனா என்று முதலில் பாருங்கள். வீட்டில் நடந்த அடியும் அவமானமுமே துரத்தியிருந்தால் அது வீட்டுக்குள் தொலைந்த காசு. பெருக்கவேண்டியது நம் வீட்டை, கேட்கவேண்டியது நாம் மன்னிப்பு. குடிக்குக் கடன் வாங்கி, படகு முதலாளியிடம் முன்பணத்தையும் கரைத்து, அதை அம்மாவின் கம்மலை வைத்து அடைக்கச் சொல்கிறவன் வேறு ரகம். அவனுக்காகச் செபமாலை சொல்லலாம், கம்மலைக் கொடுக்கவேண்டியதில்லை.

குடியில் இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் விடமுடியாது. நாள்தோறும் அதிகம் குடித்து உடம்பு பழகியவர், கோவிலில் சத்தியம் செய்து அன்றே ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாவது நாளுக்குள் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் நடுக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீன்பிடித் தடைக்கால 61 நாளில் நிறுத்துகிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஏப்ரல் 15-க்கு முன்பே அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு நிறுத்தட்டும். இன்னொன்று, குடியை மறக்கடிக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது. டைசல்பிராம் வயிற்றில் இருக்கும்போது சாராயம் போனால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம். மந்திரித்த உப்பைக் கலக்கிறவர்கள் கூடவே இதையும் கலக்கிறார்கள். உப்பு கெடுதல் செய்யாது, மாத்திரை செய்யும்.

கத்தோலிக்கக் கோவிலை விட்டுப் பெந்தெகொஸ்தே போன்ற சபைக்குப் போய்விட்டவர்களைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே போய் மறுபடி முழுக்கு எடுத்தாலும், குழந்தையில் வாங்கிய திருமுழுக்கு அழிவதில்லை. இரண்டாவது முழுக்கு என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மாதா சுரூபத்தை வைத்து வாதம் பண்ணி யாரும் திரும்பியதில்லை. அவர்கள் பைபிள் வாசித்தால் கூட உட்கார்ந்து வாசியுங்கள்.

ஒரு மனமாற்றம் அடுத்தவர் மேல் விழும் என்பதற்கு ஓரியூரே சாட்சி. மறவர் தலைவர் தடியத்தேவர் நோய் நீங்கி மறை தழுவியபோது, இயேசு சபைக் குருவான அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) சொற்படி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீடு வளர்ந்துதான் 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூர் மணலில் அருளானந்தர் தலை விழுந்தது. இன்னொரு குடும்பம் வைத்திருக்கும் மகனுக்காக மன்றாடும்போது, அங்கே இருக்கும் பெண்ணையும் பிள்ளைகளையும் சேர்த்தே மன்றாடவேண்டும். அவன் திரும்பினாலும் அந்தப் பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் அவன்தான் பொறுப்பு.

திரும்பி வருகிறவனுக்கு முதல் நாளே பாவசங்கீர்த்தனம் (ஒப்புரவு) செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். சோறு போடுங்கள். கோவிலுக்கு வெளியே பதிவுத் திருமணம் செய்திருந்தால் பங்குத்தந்தையைத் தனியாகப் பார்க்கட்டும். இருவரும் சுதந்திரமாக இருந்தால் சீர்ப்படுத்த வழி உண்டு. துணைவர் கிறிஸ்தவர் இல்லையென்றால் ஆயரின் விலக்கு அனுமதி வாங்கவேண்டும். திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்பார்கள், பழைய நகல் செல்லாது. ஒப்புரவுக்கு உள்ளூர்ச் சாமியாரிடம் போகக் கூச்சப்பட்டால் ஓரியூரிலோ வேளாங்கண்ணியிலோ முகம் தெரியாத குருவிடம் செய்யட்டும். செபங்கள் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. கடைசியாகச் செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதை மட்டும் சொன்னால், மீதியை அவரே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டிப்போவார்.