கொன்ட்ரோல் டபிள்யூவால் போன ஓர் இரவு

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சேலைக்கடையின் இணையத்தளத்தைப் புதிய சேர்வருக்கு மாற்றும் வேலை வந்தது. ஃபைல்கள், டொமைன் எல்லாம் பின்னேரத்துக்குள் முடிந்தன. தரவுகள் இருக்கும் டேட்டாபேஸ்தான் விடியும்வரை இழுத்தடித்தது.

புதிய சேர்வர்க்காரர் தந்தது பிரவுசருக்குள் திறக்கும் டெர்மினல், அதாவது கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை, மட்டும். லினக்ஸில் புழங்குகிறவர்களுக்குத் தெரியும், பாஷ் என்ற கட்டளை ஓட்டும் நிரலில் ஒரு சொல்லைப் பிழையாக அடித்தால் கொன்ட்ரோல் டபிள்யூ அழுத்துவோம், அந்தச் சொல் மட்டும் அழியும். பத்து வருடப் பழக்கம், யோசிக்க முன்னமே விரல் போய்விடும். குரோமிலோ அதே விசை டேபை மூடுவதற்கு.

டேட்டாபேஸைப் புதிய சேர்வரில் ஏற்றும் இம்போர்ட்டைப் பின்னணியில் ஓடவிட்டு அடுத்த கட்டளையை அடித்தேன். ஃபைல் பெயரில் ஓர் எழுத்து பிசகியது. சுண்டுவிரல் கொன்ட்ரோலில், மோதிரவிரல் டபிள்யூவில். கறுப்புத் திரை இருந்த இடத்தில் ஜிமெயில் நிற்கிறது.

மூடிய டேபைத் திறக்கும் கொன்ட்ரோல் ஷிஃப்ட் டி (T) அடித்தேன். டேப் திரும்பி வந்தது, அதற்குள் ஓடிக்கொண்டிருந்த செஷன் வரவில்லை. டெர்மினல் அறுந்ததோடு இம்போர்ட்டும் நின்று, டேபிள்களில் பாதிதான் ஏறியிருந்தன. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் கழித்து அதே விரல், அதே இழப்பு.

இரவு பன்னிரண்டரைக்குக் கடைக்கார அண்ணையின் கோல். "தம்பி, கனடாவிலை ஆக்களுக்குக் கடைப் பக்கம் திறக்குதில்லையாம்." அங்கே அப்போது பகல். டேட்டாபேஸ் ஏறி முடிய முன் டொமைனை மாற்றியது என் பிழை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சேர்வர்க்காரரின் உதவி அரட்டையில் எழுதினேன். "கேஷை அழித்துப் பாருங்கள்" என்று இரண்டு தடவை பதில் வந்தது. பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? டேபை மூடும்போது "வெளியேறவா?" என்று கேட்கவைக்கச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அதைக்கூட அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

பிறகு நானே தேடிப் படித்தேன். கொன்ட்ரோல் எஸ், கே போன்றவற்றை இணையப் பக்கம் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். டபிள்யூ (W), டி (T), என் (N) ஆகிய மூன்றையும் குரோம் விட்டுக்கொடுக்காது, ஃபயர்பொக்ஸும் அப்படித்தான். மோசடிப் பக்கம் ஒன்று தன்னை மூடவிடாமல் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அது நியாயம். ஆனால் 2016 இல் இதே குரோம், பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தை நிறுத்தியது. ஆட்கள் நிரப்பிய படிவங்கள் பறிபோனதால்தான் நிறுத்தினார்கள். ஆகவே எங்கள் வலி அவர்களுக்குத் தெரியாததல்ல.

வழி குரோமுக்குள்ளேயே இருந்தது. மூன்று புள்ளி மெனுவில், சேமித்துப் பகிரும் பகுதிக்குள், பக்கத்தை ஆப்பாக நிறுவும் வசதி உண்டு. அப்படித் தனி ஜன்னலில் திறந்தால் அந்த மூன்று விசைகளும் பக்கத்துக்கே போகும். டெர்மினலை அப்படித் திறந்து, வேண்டுமென்றே ஒரு சொல்லைப் பிழையாக அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொன்ட்ரோல் டபிள்யூ அழுத்தினேன். சொல் மட்டும் அழிந்தது. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

அப்படியும் முதலில் டிமக்ஸ் என்ற நிரலைத் திறந்து, அதற்குள்தான் இம்போர்ட்டை ஓடவிட்டேன். ஜன்னல் போனாலும் வேலை சேர்வரில் ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். சாதாரண டேப்தான் கதி என்றால் ஆல்ட் பேக்ஸ்பேஸைப் பழகுங்கள், அதுவும் சொல்லை அழிக்கும்.

நாலரைக்குக் கடைப் பக்கம் திறந்தது. அண்ணைக்கு வாட்ஸ்அப்பில் லிங்கை அனுப்பினேன். உடனே நீலச் சரி விழுந்தது, அவரும் நித்திரை கொள்ளவில்லை.