அப்பளக் கம்பெனி அக்காவும் சாயங்கால ஓபியும்

மதுரையில ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லங்க. கோரிப்பாளையத்துக்கிட்ட பெரியாஸ்பத்திரி இருக்கு, கே.கே.நகர் அண்ணாநகர் பக்கம் போனா திரும்புற பக்கமெல்லாம் தனியார் ஆஸ்பத்திரி போர்டுதான், சுத்துப்பட்டு மாவட்டத்துல யாருக்கு முடியலைன்னாலும் இங்கதான் தூக்கிட்டு வர்றாங்க. ஆனா சுகரும் பிரஷரும் வந்து மாசாமாசம் பார்த்துக்க வேண்டிய ஒரு கூலிக்காரங்களுக்கு இதுல எது தோதுப்படும்?

எங்க தெருவுல ஒரு அக்கா, சிந்தாமணி பக்கம் அப்பளக் கம்பெனியில வேலை பாக்குறாங்க. தேய்ச்ச அப்பளத்துக்குத்தான் கூலி, வெயில் இருக்கும்போதே காயப்போட்டு எடுத்தாகணும், அதனால காலையில நகரவே முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போறதுன்னா விடியவும் கிளம்பிப் போயி ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பாக்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசைன்னு நின்னு வெளிய வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்ல, டாக்டருக்கு பீஸ் இல்ல, மாத்திரைக்கும் காசு இல்ல, எல்லாம் சரிதான், அன்னைக்குக் கூலிய யாரு குடுப்பா? அதனால அக்கா மெடிக்கல்ல பழைய சீட்டைக் காட்டி பத்து மாத்திரை வாங்குவாங்க, தீந்துச்சுன்னா கையில காசு வர்ற வரைக்கும் போடமாட்டாங்க. ரொம்ப தலை சுத்துனா தெருமுனை டாக்டர்கிட்ட ஒரு ஊசி, அம்புட்டுதான். இதப்போயி அலட்சியம்னு சொல்றவங்களக் கண்டா எனக்குக் கோவம் கோவமா வருது.

இந்த நெலமைக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. 1946ல நாட்டோட சுகாதாரத்தைப் பத்தி ஜோசப் போர் (Bhore) தலைமையில போட்ட கமிட்டியோட அறிக்கை வந்ததுல இருந்து ஆரம்ப சுகாதார நிலையம்னாலே கிராமத்துக்குன்னுதான் யோசிச்சாங்க, டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல, அது பாத்துக்கும்னு விட்டுட்டாங்க. நகரத்துக்குன்னு தனியா தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வந்ததே 2013லதான், அதுலயும் 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னுதான் கணக்கு. அதுக்கு முன்னாடியே 2011ல நம்ம கார்ப்பரேஷன் 72 வார்டுல இருந்து 100 வார்டாகி அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றமெல்லாம் உள்ள வந்துருச்சு, ஊரு அந்தப் பக்கம் வளந்துகிட்டே போகுது.

அப்புறம் தமிழ்நாட்டுல 708 நகர்ப்புற நலவாழ்வு மையம்னு அறிவிச்சு, 2023 ஜூன்ல 500 மையத்தை ஒரே நாள்ல திறந்தாங்க. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர், சின்ன செட்டப்தான். இதுல எனக்குப் பெருசாத் தெரிஞ்சது நேரம்தான், காலையில 8ல இருந்து 12, சாயங்காலம் 4ல இருந்து 8. அந்த சாயங்கால நாலு மணி நேரத்தை யோசிச்சவங்க நல்லா இருக்கணும்.

அக்காவ ஒரு சாயங்காலம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். கைவிரல் இடுக்குல மாவு காஞ்சு அப்படியே இருந்துச்சு. நர்ஸம்மா பிரஷர் பாக்கத் துணிய கையில சுத்திட்டு "கைய தொங்கப் போடாதீங்கக்கா, மேஜை மேல வைங்க, பேசாம இருங்க"ன்னு சொல்லி ரெண்டு தடவை பாத்தாங்க. மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களான்னு கேட்டதும் அக்கா தலைய குனிஞ்சுகிட்டாங்க. அந்த நர்ஸம்மா ஒரு சத்தம் போடல. எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எப்ப வேலைக்குப் போறீங்கன்னு கேட்டு அதுக்குத் தக்கன எந்த மாத்திரைய எப்பப் போடணும்னு சொல்லி அட்டையில கோடு போட்டுக் குடுத்தாங்க. விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்ச அந்த அரசு மாத்திரைய மட்டமா நினைக்கிறவங்க இன்னும் நிறையப் பேரு இருக்காங்க, சுகர் பிரஷர் மாத்திரையில உள்ள மருந்து இங்கயும் மெடிக்கல் கடையிலயும் ஒண்ணுதான், தயவுசெஞ்சு நிறுத்திராதீங்க.

ஆனா எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லமாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு மையத்துல சாயங்காலம் ஏழு மணிக்குப் போனா டாக்டர் கிளம்பிட்டாருன்னு திருப்பி அனுப்புனாங்க. வேலை முடிஞ்சு கை கால் கழுவி வர்றதுக்கே ஏழாகுமே, அப்பப் பூட்டுனா யாருக்காக அந்த நேரம்? இன்னொண்ணு, சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்தோட காலையில வான்னு சொல்றது, மறுபடியும் கூலி போச்சு. மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டியதில்ல, சாயங்காலமே ரத்தம் எடுக்கலாம், அதை ஏன் இங்க கொண்டு வரக்கூடாது? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல இருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றாங்க, உண்மையிலேயே நல்ல திட்டம், ஆனா அவங்க வர்ற நேரம் பகல், வேலைக்குப் போறவங்க வீட்டுல பூட்டுதான் தொங்கும். வாடகைக்கு வீடு மாறிட்டா பேரு பழைய தெரு லிஸ்ட்லயே கெடக்கும். ஓட்டல்லயும் கட்டடத்துலயும் வேலை பாக்குற வடநாட்டுப் பசங்களுக்கு அந்த லிஸ்ட்ல பேரே இருக்கிறது சந்தேகம்.

ஆம்பளைங்க கதை இன்னும் மோசம், கால்ல புண்ணு வந்து ஆறாமப் போனதுக்கப்புறம்தான் சுகரே தெரியுது, அதுக்கப்புறம் நேரா பெரியாஸ்பத்திரி, சில பேருக்கு விரல எடுக்குற வரைக்கும் போயிருது. மாசம் ஒரு தடவை தெருவுக்குள்ளயே பாத்திருந்தா அவ்வளவு தூரம் போயிருக்காது.

கண்ணு விஷயத்துல இதே ஊரு வழி காட்டியிருக்கு. 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, எல்லாரையும் மதுரைக்கு வரச் சொல்லாம சின்னச் சின்ன ஊர்ல விஷன் சென்டர்னு கண்ணு பாக்குற மையம் போட்டு, அங்க இருந்தே டாக்டர்கிட்ட கம்ப்யூட்டர்ல பேச வச்சாங்க. சுகர் பிரஷருக்கு அதைச் செய்ய முடியாதா என்ன?

எங்க வார்டுல அடுத்து மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபைக் கூட்டத்துல நாங்க கேக்கப் போறது மூணுதான்: எட்டு மணி வரைக்கும் டாக்டர் இருக்கணும், சாயங்காலம் ரத்தம் எடுக்க ஆள் வேணும், வாடகை வீட்டுக்காரங்க பேரை லிஸ்ட்ல சேக்கணும். கவுன்சிலர்கிட்ட மனுவா எழுதியும் குடுக்குறோம். உங்க வார்டு மையத்துல சாயங்காலம் நிஜமாவே டாக்டர் இருக்காரான்னு ஒரு நாள் ஏழரை மணிக்குப் போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க.