கால்கரி தக்காளி, யீஷூன் வெண்டை

கனடாவின் கால்கரியில் இருக்கும் அக்கா ஏப்ரல் தொடக்கத்திலேயே தக்காளி விதையை வீட்டுக்குள் போட்டுவிடுவார். அங்கே உறைபனி விலக மே கடைசி ஆகிவிடும். அதிலிருந்து 6 முதல் 8 வாரம் பின்னோக்கி எண்ணித்தான் விதைப்பு. நாற்றுக்கு மேலே எல்இடி விளக்கு, தினமும் 14 முதல் 16 மணி நேரம். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் வெளியே வைத்து எடுத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற கதைதான்!

நமக்குச் சிங்கப்பூர் யீஷூனில், அடுக்குமாடி புளோக் காரிடாரில் எந்த மாதம் போட்டாலும் வெண்டை முளைக்கும். ஆனால் பெரிய தக்காளிக்கு இங்கே இரவும் சூடு, பூ உதிர்ந்துவிடும். செர்ரி தக்காளி பரவாயில்லை.

சரி, யாரிடமாவது நாட்டுக் கத்தரி விதை இருக்கிறதா?