கட்டு பிரிக்கிற நேரம்

அம்மாவின் கால் புண்ணுக்கு (சர்க்கரைதான், வேறென்ன) நான்தான் கட்டு மாற்றுகிறேன். முதல் நாள் ஒட்டியிருந்த காஸ் துணியை வெடுக்கென்று இழுத்தேன். அம்மா போட்ட சத்தம் வியாசர்பாடி முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாள் வந்த நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சலைன் ஊற்றி ஊறவிட்டு எடு தம்பி. பிய்த்தால் புதுசா வளர்ற சதையும் சேர்ந்து வந்துடும்."

சலைன் என்பது 0.9% உப்பு நீர், அவ்வளவுதான். நுரை பொங்குவதைப் பார்த்து நான் நம்பியிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல செல்களையும் கொல்லுமாம். 'புண் காற்றாடக் காயணும்' என்ற பாட்டி வைத்தியமும் போச்சு. ஈரப்பதத்தில்தான் சீக்கிரம் ஆறும் என்று 1962லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் சோதித்துச் சொல்லிவிட்டார்.

இன்று கட்டைப் பிரித்தேன். அம்மா சீரியலிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.