நடுங்கும் கண்ணாடி

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் வெல்டராகப் பணியாற்றிய ஆண்டுகளில், என் கைக்கு அதிகம் வந்த கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஆகும். இருவர் மட்டும் அமரக்கூடிய, துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற, ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள கார் அது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு பிரிட்டனுக்கு வந்தது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட இதே கார்கள் பின்னாளில் பழைய வண்டிகளாகவும் இங்கே இறக்குமதியாயின. இவற்றைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைச் சொல்வார்கள்: கரடுமுரடான சாலையில் போகும்போது உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிகிறது, ஸ்டீயரிங் தண்டு கையில் அதிர்கிறது, முன்கண்ணாடிச் சட்டம் தனியாக ஆடுவதுபோல் இருக்கிறது.

அந்த நடுக்கத்தை எனக்கு முதலில் புரியவைத்தவர் எங்கள் பட்டறையின் மூத்த மேஸ்திரி. அவர் ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளை மேசையில் கொட்டிவிட்டு, உள்தட்டை மட்டும் இரு முனைகளிலும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் திருகச் சொன்னார். அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் முறுகிற்று. அடுத்து வெளிக்கூட்டை மட்டும் கொடுத்தார். அதை முறுக்கும்போது ஓரளவு எதிர்த்தாலும், முனைகளில் அடைப்பு இல்லாததால் சதுரம் சாய்ந்து தட்டையாகப் போயிற்று. தட்டைக் கூட்டுக்குள் செருகிய பிறகு எவ்வளவு திருகியும் அசையவில்லை. கூரையுள்ள கார் என்பது தட்டுச் செருகிய தீப்பெட்டி. கூரையைக் கழற்றியது உள்தட்டு மட்டும். பிறகு படித்த பாடப்புத்தகங்கள் எல்லாம் இந்தத் தீப்பெட்டிக்கு எண்களைச் சேர்த்தனவே தவிர, புதிதாக எதையும் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்கள் திகைக்கவைப்பவை. 50 மி.மீ. பக்கமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்ட ஒரு சதுர இரும்புக் குழாயை எடுத்து, கட்டரால் நீளவாக்கில் மயிரிழை அகலத்துக்கு ஒரே ஒரு கீறல் போட்டால், எடையில் இழப்பு ஏதும் தெரியாது. முறுக்கை எதிர்க்கும் திறன் மட்டும் நானூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மூடிய குழாயில் விசை சுற்றுச்சுவர் முழுவதும் சுழன்று வருகிறது. கீறல் விழுந்ததும் அந்தச் சுற்று அறுபட்டு, தகட்டின் தடிப்பு ஒன்றே தனியாகத் தாங்க வேண்டியதாகிறது. கூரையற்ற காரில் இந்த மூடிய குழாயாக இருப்பவை கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடுகிற, நாங்கள் சில் என்று அழைக்கும் பெட்டிவடிவ உறுப்புகளும் தரையின் நடுவே கியர் பெட்டியையும் அதிலிருந்து பின்னால் போகும் தண்டையும் மூடியிருக்கும் சுரங்கமும் ஆகும். சில் என்பது உள்தகடு, வெளித்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு வலுவூட்டும் தகடு என மூன்றையும் ஓரங்களில் ஸ்பாட் வெல்டிங்கால் இணைத்துச் செய்தது. அந்த ஓரத்தில் துரு புகுந்து இணைப்பு பிரிந்தால், வெளியே பெயின்ட் பளபளத்தாலும், அது கீறல் விழுந்த குழாய்தான்.

எம்.எக்ஸ்-5-இல் துரு புகும் இடமும் எழுதிவைத்ததுபோல் மாறாதது. துணிக் கூரையில் வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைச்சருகு அந்தக் குழாய்களை அடைத்துவிட, நீர் சில்லின் பின்முனையில் தேங்குகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து தன் பங்கைச் செய்கிறது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், விரலால் அழுத்தினால் பொருபொருவென உதிரும் ஒரு திட்டு தெரியும். இரண்டாம் தலைமுறைக் கார்களில் இதோடு முன்பக்கச் சேஸிஸ் கால்களும் உள்ளிருந்தே அரிக்கப்படுவது வேறு கதை.

ஒருநாள் ஓய்வுபெற்ற ஒருவர் 1991-ஆம் ஆண்டின் சிவப்பு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். டிக்கி நிறைய வலுவூட்டும் உறுப்புகள்: எஞ்சின் அறையில் முன்ஸ்பிரிங்குகளின் மேல்முனைகள் பதியும் இரு கோபுரங்களையும் இணைக்கும் பளபளப்பான அலுமினியத் தண்டு, அடியில் ஓடும் மெல்லிய நீளத்தண்டுகளுக்கு உறைபோல மாட்டும் இரும்புத் தகடுகள், பின் சப்ஃபிரேமுக்கான, அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்கும் துணைச்சட்டத்துக்கான, குறுக்குத்தண்டு. போதாக்குறைக்கு, முந்தைய உரிமையாளர் தடித்த தாழ்வான ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தார். டிக்கியில் இருந்த எல்லாவற்றையும் பூட்டிவிடுமாறு வந்தவர் கேட்டார்.

நான் ஒரு ஜாக்கியை எடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவைத்து, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்வரை அந்த மூலையை மட்டும் தூக்கினேன். பிறகு கதவைச் சாத்தச் சொன்னேன். கொண்டி தன் குழிக்குள் போகாமல் விளிம்பில் இடித்தது. கதவின் பின்விளிம்பில் மேலே இடைவெளி குறுகியும் கீழே அகன்றும் இருந்ததை அவரே விரலை விட்டுப் பார்த்தார். எந்தத் திறந்த காரும் இந்தச் சோதனையில் சிறிது நெளியும். கதவு சாத்த மறுக்கும் அளவுக்கு நெளிவது நோய்.

எங்கிருந்து நெளிகிறது என்பதை அறிய வண்டியை அளந்தோம். ஸ்பிரிங்குகளையும் அவற்றின் துள்ளலைத் தணிக்கும் டேம்பர்களையும் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் கெட்டியான இரும்புத் தண்டுகளை மாட்ட வேண்டும். இல்லையென்றால் அளப்பது ஸ்பிரிங்கைத்தானே ஒழிய உடலை அல்ல. பின்பகுதியை இருபுறமும் அசையாமல் பிணைத்து, முன்பகுதியை நடுவில் ஒரு சுழல்முனையின்மேல் நிற்கவைத்து, பக்கவாட்டில் நீட்டிய உத்தரத்தில் ஒரு மீட்டர் தொலைவில் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டோம். அது ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இரு சில்களின் அடியிலும் சீரான இடைவெளியில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ்கள் வைக்கப்பட்டன. 1200 மி.மீ. அகலத்தில் இருபுற முள்களுக்கும் 1 மி.மீ. வேறுபாடு என்றால், அந்த இடத்தில் உடல் ஏறத்தாழ 0.05 பாகை திரும்பியிருக்கிறது என்று பொருள். இந்தக் கோணங்களை முன்னிருந்து பின்னாக வரைதாளில் குறித்தால், கோடு ஓரிடத்தில் செங்குத்தாகச் சரியும். கதவுத்திறப்பின் நடுவில் அது சரியும் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையில் சரிந்தது சில்லின் பின்முனை பின்கட்டமைப்போடு சேரும் மூட்டில், அதுவும் இடப்பக்கம் அதிகமாக. பெயின்ட்டைச் சுரண்டியபோது, முன்பு யாரோ துருவின்மேல் தகட்டை ஒட்டி, ஃபில்லர் பூசி மறைத்திருந்தது வெளிப்பட்டது.

அவர் வாங்கிவந்தவற்றில் ஒன்றுகூட இந்த மூட்டைத் தொடாது. அலுமினியத் தண்டு கோபுரங்களை இணைக்கிறது. ஆனால் இந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரு கைகள் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருப்பதால், திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசைகள் கீழே சப்ஃபிரேமுக்குப் போகின்றன, கோபுரம் தாங்குவது ஸ்பிரிங்கின் செங்குத்து விசையை மட்டும்தான். தடித்த ஸ்பிரிங்குகளோ நிலைமையை மோசமாக்கியிருந்தன. உடலும் ஸ்பிரிங்கும் தொடராக இணைந்த இரு ஸ்பிரிங்குகள் என்று கொண்டால், ஒன்றை இறுக்க இறுக்க மற்றொன்று அதிகம் வளைய வேண்டும். மேலும், சக்கரங்கள் மேடுபள்ளத்தில் துள்ளும் அதிர்வு நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை இருக்கும். உடல் தளர்ந்து அதன் சொந்த அதிர்வு இந்த எண்ணுக்கு அருகே இறங்கும்போதுதான் கண்ணாடி நடுங்கத் தொடங்குகிறது. கியர் பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினிய உத்தரத்தைக் காட்டி, அது சேஸிஸை இறுக்குகிறதல்லவா என்று பலரும் கேட்பார்கள். அது இயக்கத்தொடரின் முறுக்கலைக் கட்டுப்படுத்துவதே தவிர, உடலுக்கு எலும்பு அல்ல.

பழைய தகட்டை வெட்டுவதற்கு முன், இரு கதவுத்திறப்புகளிலும் குறுக்காக இரும்புக் குழாய்களை வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்து, வண்டியை அதன் சக்கரங்களின்மேலேயே நிற்கவைத்தேன். இந்த ஒழுங்கு என் சொந்தப் பிழையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இதே வகைக் கார் ஒன்றை இரு தூண் லிஃப்டில் தூக்கி, முன்னும் பின்னும் தொங்கிய நிலையில், முட்டு எதுவும் கொடுக்காமல் சில்லை வெட்டிப் புதியதை வைத்துத் தைத்துவிட்டேன். இறக்கியதும் கதவு சாத்தவில்லை. தொங்கிய வளைவை அப்படியே விறைப்பாக்கிப் பூட்டியிருந்தேன். ஒரு வாரம் உழைத்த வெல்டிங்கை முழுவதும் கிரைண்டரால் அறுத்தெடுத்து மறுபடி செய்ய மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் மேஸ்திரி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

சிவப்பு வண்டியில் உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு மூன்றையும் நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி, ஒவ்வொன்றாகப் புதுப்பித்தேன். பிரிட்டனின் ஆண்டுச் சோதனை விதிப்படி, இருக்கைப் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிணைக்கப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் கட்டமைப்புத் துரு இருந்தால் வண்டி தேறாது. அங்கே ஒட்டுத்தகடு வைத்தால் அதன் விளிம்பு முழுவதும் தொடர் தையலாக வெல்டிங் இருக்க வேண்டும். தொடர் தையல் போடும்போது ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் கோணும். ஆகவே இரண்டு செ.மீ. இங்கே, இரண்டு செ.மீ. எதிர்ப்பக்கம் என்று மாறிமாறிச் சென்று, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் இடைவெளிகளை நிரப்பினேன். உட்புறம் மெழுகு ஊற்றி, வடிகுழாய்களைத் துலக்கிவிட்டேன்.

மறுபடி அதே எடையைத் தொங்கவிட்டபோது, முள்களின் நகர்வு முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சரிவும் ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுவதும் பரவிற்று. புதிதாக எந்த உறுப்பும் இன்னும் சேரவில்லை. அதன்பின், ஜாக்கிகளால் நசுங்கியிருந்த அடித்தண்டுகளுக்கு அவர் கொண்டுவந்த உறைகளைப் பூட்டினேன். பின் சப்ஃபிரேம் தண்டையும் சேர்த்தேன். நிறுவனமே 1993-இல் 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தபோது சப்ஃபிரேம்களிலும், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கைப் பெல்ட்கள் பிணைக்கப்படும் இரு கோபுரங்களுக்கு இடையேயும் இப்படிக் குறுக்குத்தண்டுகளைச் சேர்த்ததால், அதில் எனக்கு மறுப்பு இருக்கவில்லை. ஸ்பிரிங்குகளைப் பழைய மென்மைக்கே மாற்றச் சம்மதித்தார்.

ரயில் பாதையைக் கடந்து செல்லும் எங்கள் வழக்கமான சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், கண்ணாடியில் பின்வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிந்தது என்றார். அந்த அலுமினியத் தண்டைப் பற்றியும் கேட்டார். பயன் மிகக் குறைவு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பானட்டைத் திறந்தால் பார்க்க அழகாக இருக்குமே என்றார். சில நட்டுகளின் வேலைதான். பூட்டிக் கொடுத்தேன், அதற்குக் கூலி போடவில்லை.