அப்பாவின் சிவப்பு சாகா

அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா கார் மறுபடியும் சிவப்பாகிவிட்டது! கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்து ரோஸ் கலரில் கிடந்ததைப் பார்த்து, சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் "புதுச் சாயம் அடிச்சிடு தம்பி" என்றார்கள். தேவைப்படவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிக் காடி இருந்தால், முதலில் ஈரத்துணியில் துளி பாலிஷ் தொட்டு ஓர் ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். எங்கள் துணி ரத்தச் சிவப்பாக வந்தது. அப்படி நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமில்லாத படலம்) இல்லாத சாயம். செத்த மேற்படலத்தை எடுத்தால் போதும், அடியில் நல்ல நிறம் காத்திருக்கும். கிளியர் கோட் திட்டுத்திட்டாக உரிந்த காடிக்குத்தான் சாயம் அடித்தாக வேண்டும்.

நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) இழுத்து, நிழலில் வைத்துப் பாலிஷ் போடுங்கள். கதவு விளிம்புகளில் சாயம் மெல்லிசு, அங்கே மெஷின் வேண்டாம், கையால் போதும். கறுப்பு பிளாஸ்டிக் பம்பரையும் ரப்பர் பட்டையையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மெழுகு பட்டால் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. நரைத்த பிளாஸ்டிக்குக்குச் சமையல் எண்ணெய் தடவுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தோட்டத்துச் செம்மண் தூசி முழுக்க அதில்தான் ஒட்டும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் டிரிம் மருந்து வாங்குங்கள்.

மெழுகு பூசுவது கடைசியில். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் அது சீக்கிரம் போய்விடும், காடி ஷாம்புதான் சரி. குருவி எச்சத்தை அன்றைக்கே ஊறவைத்துத் துடையுங்கள்.

அப்பா இப்போது அதை மாமரத்தடியில் நிறுத்த விடுவதில்லை. பழைய காடி வைத்திருக்கும் அண்ணன்மார் யாருக்காவது கை வேண்டுமென்றால் சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.